பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை: டிகேஇன்டரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பசார் பக்கம் ஒரு மசாலைக் கடை. அதன் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு கூடுகிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும் தம்பிகள் இருவர், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வரும் கல்லூரித் தங்கை ஒருத்தி, கீழே கடை நடத்தும் அக்கா, இன்னும் சிலர். பைத்தான் என்ற நிரல்மொழியையும், சாளரம் அமைக்க அதோடு சேர்ந்தே வரும் டிகேஇன்டர் என்ற தொகுதியையும் வைத்து, கணினியில் ஓடும் சிறு செயலிகளை எழுதப் பழகுகிறார்கள். நான் கூட உட்கார்ந்து பார்த்துக்கொடுக்கிறேன். அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் கடைக்குத் தானே எழுதிய பில் போடும் செயலி. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தச் செயலியில் நாங்கள் மாட்டிக்கொண்டு மீண்டவை.

புதிதாக எழுதுகிறவருக்குப் பிழையின் பெயர் தெரியாது. திரையில் பார்த்தது மட்டும்தான் தெரியும். அதனால் இதை அறிகுறிவாரியாகவே எழுதுகிறேன். உங்கள் திரையில் நடப்பது எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ, நேரே அங்கே போங்கள்.

போவதற்கு முன் ஒன்று மட்டும். முதன்முதலில் எழுதிப் பழகிய நிரல்கள் சமையல் குறிப்பு மாதிரி: முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிந்துவிடும். சாளரம் வைத்த செயலி கடை மாதிரி. காலையில் சாமான்களை எடுத்து அடுக்குகிறோம், ஷட்டரைத் தூக்குகிறோம், அப்புறம் கல்லாவில் உட்கார்ந்து ஆள் வரக் காத்திருக்கிறோம். லேபிள், பொத்தான், என்ட்ரி பெட்டி அமைக்கிற வரிகள் எல்லாம் சாமான் அடுக்குவது. மெயின்லூப் என்கிற அந்த ஒரு வரிதான் கல்லாவில் உட்காருவது. ஒரு வேலை நடப்பது அடுக்கும் நேரத்திலா, கல்லாவில் இருக்கும் நேரத்திலா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிப் பிழைகள் பிடிபட்டுவிடும்.

கறுப்புப் பெட்டி ஒன்று மின்னி மறைகிறது

கோப்பை இரட்டைக் கிளிக் செய்தீர்கள், கறுப்பாக ஏதோ வந்து போனது, அவ்வளவுதான். நிரலில் பிழை இருக்கிறது. பைத்தான் அதைச் சொல்லவும் செய்தது. ஆனால் நிரல் நின்றதும் பெட்டி மூடிக்கொண்டதால் உங்களுக்குப் படிக்க நேரம் கிடைக்கவில்லை.

கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். அங்கே பிஒய் என்ற இரண்டெழுத்தைத் தட்டி, ஓர் இடம் விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். இப்போது பிழைச்செய்தி ஓடிப்போகாது.

அந்தச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும். அதற்குச் சற்று மேலே உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். சிவப்பாக இருபது வரி வந்தால் பயந்து மூடிவிடுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்; உங்களுக்கு வேண்டியவை அதில் இரண்டே வரிகள். சின்டாக்ஸ் எர்ரர் என்று வந்து, காட்டிய வரியில் தப்பே தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அங்கே ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். பைத்தான் 3.10 முதல் இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அதுவே நேராகச் சொல்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதற்காகவே புதிய பதிப்புக்கு மாறலாம்.

கடைசி வரி டிகேஇன்டரில் டிகே என்ற ஒன்று இல்லவே இல்லை என்று சொன்னால், உங்கள் கோப்புக்கு நீங்கள் வைத்த பெயரைப் பாருங்கள். டிகேஇன்டர் என்றே வைத்திருந்தால், உண்மையான டிகேஇன்டரை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே பைத்தான் இறக்கிக்கொள்ளும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

பிழையும் இல்லை, சாளரமும் இல்லை

மெயின்லூப் வரி விட்டுப்போயிருக்கிறது. சாமான் அடுக்கி முடித்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய மாதிரி. எல்லா வரிக்கும் கடைசியில் அதைச் சேருங்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ஐடில் என்னும் எடிட்டரில் ஓட்டினால் மெயின்லூப் இல்லாமலேயே சாளரம் வரும், ஏனென்றால் காத்திருக்கும் வேலையை ஐடிலே பார்த்துக்கொள்கிறது. அங்கே ஓடியதே, இங்கே ஏன் ஓடவில்லை என்று தங்கை ஒரு மாலை முழுக்கத் தேடினாள். இன்னொன்று: மெயின்லூப்பை நடுவில் எழுதினால், அதற்குக் கீழே உள்ள வரிகள் சாளரத்தை மூடிய பிறகுதான் ஓடும். பாதிப் பொத்தான்கள் காணவில்லை என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அழுத்தாமலே வேலை நடக்கிறது, அழுத்தினால் நடக்கவில்லை

“நான் இன்னும் தொடவே இல்லலா, தம்பி, அதுக்குள்ள பில் போட்டுருச்சு” என்றார் அக்கா. திறந்தவுடனே வெறும் பில் ஒன்று சேமித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. இரண்டு நோய் போலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றே.

பொத்தானை அமைக்கும் வரியில் கமாண்ட் = சேமி() என்று எழுதியிருந்தார். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் ‘இப்போதே செய்’ என்று பொருள். பைத்தான் அந்த வரிக்கு வந்ததும், சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, சேமி ஃபங்ஷனை ஓட்டிவிடுகிறது. அது திருப்பித் தருவது நன், அதாவது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையைத்தான் பொத்தானிடம் கொடுத்திருக்கிறோம். பின்னே அழுத்தினால் என்ன நடக்கும்? அடைப்புக்குறியை எடுத்துவிட்டு கமாண்ட் = சேமி என்று மட்டும் எழுத வேண்டும். அப்போதுதான் ‘ஆள் வந்து அழுத்தும்போது இதைச் செய்’ என்று பெயரை ஒப்படைத்ததாக ஆகும்.

(சேமி என்று தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். ஃபங்ஷன், வேரியபிள் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுத பைத்தான் 3 இடம் கொடுக்கிறது. மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். நான் தமிழ்ப் பெயர்களையே ஊக்குவிக்கிறேன்; தான் எழுதியது தனக்குப் புரிவது முதலில் முக்கியம்.)

ஃபங்ஷனுக்கு ஏதாவது மதிப்பைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் லாம்டா, அதாவது பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷன், தேவைப்படும். அங்கேதான் அடுத்த பள்ளம். அக்கா எட்டுப் பொருளுக்கு எட்டுப் பொத்தானை ஒரு ஃபார் சுற்றில் அமைத்தார். மஞ்சள்தூளை அழுத்தினாலும் சோம்பு, மிளகை அழுத்தினாலும் சோம்பு. பட்டியலில் கடைசிப் பொருள் சோம்பு.

நடந்தது இதுதான். லாம்டா: சேர்(பொருள்) என்று எழுதும்போது, பொருள் என்ற வேரியபிளில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பைத்தான் குறித்து வைத்துக்கொள்வதில்லை. அழுத்தும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் சுற்று முடிந்துவிட்டது, பொருளில் சோம்பு நிற்கிறது. எட்டுப் பொத்தானும் ஒரே பலகையைப் பார்த்துப் படிக்கின்றன. அதனால் அமைக்கும்போதே மதிப்பைக் கையில் கொடுத்துவிட வேண்டும்: லாம்டா பொருள்=பொருள்: சேர்(பொருள்). இடப்பக்கத்துப் பொருள் ஒவ்வொரு லாம்டாவும் தனக்கென்று வைத்துக்கொள்வது. வலப்பக்கத்துப் பொருள் சுற்றில் அந்த நொடி இருப்பது. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பைத்தானில் எல்லாரும் எழுதுகிற வழி இதுதான்.

கமாண்டுக்குப் பதில் பைண்ட் கொண்டு என்டர் விசையோடு இணைத்தவர்களுக்கு வேறொரு செய்தி வரும்: ஃபங்ஷன் எதையும் ஏற்காது, ஆனால் ஒன்று தரப்பட்டது என்று. பைண்ட் எப்போதும் நிகழ்வின் விவரத்தை உடன் அனுப்பும். ஃபங்ஷனின் அடைப்புக்குள் அதை வாங்கிக்கொள்ள ஒரு பெயர் வையுங்கள், போதும்.

அழுத்தினால் ஒன்றுமே இல்லை, செய்திகூட இல்லை

மேலே சொன்ன அடைப்புக்குறிக் கோளாறு இல்லை என்று உறுதியானால், பிழை உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுகிறது. மெயின்லூப் ஓடும்போது ஒரு பொத்தானின் ஃபங்ஷனில் பிழை வந்தால் டிகேஇன்டர் செயலியை நிறுத்தாது. பிழையைப் பின்னால் உள்ள கமாண்ட் ப்ராம்ப்டில் எழுதிவிட்டுத் திரும்பக் காத்திருக்கும். கோப்புப் பெயரின் கடைசியில் பிஒய்டபிள்யூ என்று வைத்து ஓட்டினால் அந்தப் பெட்டியே கிடையாது. பிழை எழுத இடமில்லாமல் போகிறது.

பழகும் காலத்தில் கமாண்ட் ப்ராம்ப்ட் வழியாகவே ஓட்டுங்கள். கடையில் வைக்கும்போது, முதன்மைச் சாளரத்துக்கு ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன் என்று ஒன்று உண்டு, அதற்கு உங்கள் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பிழை வகை, பிழை, தடம் என்று மூன்று மதிப்புகள் அதற்கு வரும். அதை மெசேஜ்பாக்ஸில் காட்டி, ஒரு கோப்பிலும் எழுதிவைத்தால், கல்லாவில் இருப்பவர் உங்களுக்குப் படம் பிடித்து அனுப்பலாம். இந்த ஒன்றைச் செய்த பிறகு எனக்கு வரும் கேள்விகளின் தரமே மாறிவிட்டது.

நன்டைப்புக்கு கெட் கிடையாது என்கிறது

பெட்டி = என்ட்ரி(சாளரம்).பேக்() என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். பேக் பெட்டியைச் சாளரத்தில் வைக்கும், ஆனால் அது திருப்பித் தருவது ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் கையில் இருப்பது பெட்டி அல்ல, அந்த ஒன்றுமில்லை. இரண்டு வரியாகப் பிரியுங்கள்: முதலில் பெட்டியை உருவாக்கிப் பெயர் கொடுங்கள், அடுத்த வரியில் அதை பேக் செய்யுங்கள். கிரிட், பிளேஸ் இரண்டுக்கும் இதே கதைதான்.

பேக், கிரிட் என்று சொல்லும்போதே: ஒரே ஃபிரேமுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். பிழைச்செய்தி வந்தால் அதிர்ஷ்டம். டிகேஇன்டருக்கு அடியில் ஓடும் டிகேயின் பழைய பதிப்புகளில் சாளரம் அப்படியே தொங்கிவிடும். இரண்டும் வேண்டும் என்றால் ஃபிரேம்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐந்தும் மூன்றும் ஐம்பத்து மூன்று ஆகிறது, அப்புறம் சென் கணக்கு இடிக்கிறது

என்ட்ரி பெட்டியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துதான், எண் அல்ல. 5 என்ற எழுத்தையும் 3 என்ற எழுத்தையும் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். இன்ட் போட்டு எண்ணாக்குங்கள். பெட்டி காலியாக இருந்தாலோ யாராவது எழுத்தைத் தட்டினாலோ வேல்யூ எர்ரர் வரும். ட்ரை, எக்ஸெப்ட் போட்டுப் பிடித்து, ‘எண்ணை மட்டும் இடவும்’ என்று சொல்லுங்கள்.

அதோடு முடியவில்லை. பணக் கணக்கை ஃபுளோட் என்ற தசம எண்ணில் போட்டால் 1.10ஐயும் 2.20ஐயும் கூட்டி 3.3000000000000003 என்று காட்டும். பைத்தானின் குறை அல்ல இது. நாம் பத்தின் அடிப்படையில் எழுதும் 0.1ஐக் கணினி இரண்டின் அடிப்படையில் முழுதாக எழுத முடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவில்லாமல் போகிறதே, அதுபோல. திரையில் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டினால் மறையும், ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும்.

கடைக் கணக்கு என்றால் ரிங்கிட்டை விட்டுவிட்டு முழுச் சென்னில் எண்ணுங்கள். 4 ரிங்கிட் 35 சென் என்பது 435. கடைசியில் காட்டும்போது மட்டும் நூறால் பிரியுங்கள். எழுத்திலிருந்து சென்னாக மாற்றும் இடத்தில் கவனம்: 4.35ஐ நூறால் பெருக்கி இன்ட் போட்டால் 434 வரும், ஏனென்றால் பெருக்கினால் கிடைப்பது 434.99999999999994, இன்ட் தசமத்தை வெட்டிவிடும். ரவுண்ட் போட்டால் 435. ஒரு சென் தானே என்று விடாதீர்கள். மாதக் கடைசியில் கல்லாவும் கணக்கும் பொருந்தாதபோது அந்த ஒரு சென்னைத் தேடுவது எவ்வளவு பெரிய பாடு என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

மலேசியக் கடைக்கு இன்னொரு படி உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம். 1, 2 என்று முடிந்தால் கீழே பூஜ்யத்துக்கு, 3, 4 என்றால் மேலே ஐந்துக்கு, 6, 7 என்றால் கீழே ஐந்துக்கு, 8, 9 என்றால் மேலே பத்துக்கு. முழுச் சென்னில் எண்ணியிருந்தால் இது ஒரே வரி: மொத்தத்தோடு 2 கூட்டி, ஐந்தால் வகுத்து மீதியை விட்டுவிட்டு, வந்த விடையை ஐந்தால் பெருக்குங்கள். 1243 சென் 1245 ஆகும், 1242 சென் 1240 ஆகும். மொத்தத்துக்கு ஒரு முறைதான் இதைச் செய்ய வேண்டும். அக்கா முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் செய்துவிட்டார். ஆறு பொருள் வாங்கியவரின் பில்லில் 10 சென் கூடிவிட்டது.

சாளரம் வெளுத்து, பதில் இல்லை என்கிறது

தம்பி ஒருவர் ஷிப்ட் நேரம் காட்டும் செயலி எழுதினார். நொடிக்கு ஒரு முறை மணியை மாற்ற, வைல் ட்ரூ சுற்றுக்குள் ஸ்லீப் ஒரு நொடி. தொடங்கு பொத்தானை அழுத்தினார், அதோடு சாளரம் உறைந்துவிட்டது.

கல்லாவில் இருப்பவர் ஒரே ஆள். பொத்தானின் ஃபங்ஷனை ஓட்டுவதும் அவர்தான், சாளரத்தை வரைவதும், மூடு குறியைக் கேட்பதும் அவர்தான். ஃபங்ஷன் முடியாதவரை அவர் கல்லாவுக்குத் திரும்பவில்லை. சாளரம் ஐந்து நொடி எதையும் கேட்கவில்லை என்றால் விண்டோஸ் அதை வெளிறவைத்து, பதில் இல்லை என்று தலைப்பில் எழுதிவிடுகிறது. செயலி சாகவில்லை, உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கடிகாரம் மாதிரி அவ்வப்போது நடக்க வேண்டிய வேலைக்கு ஸ்லீப்பை எடுத்துவிட்டு ஆஃப்டர் போடுங்கள். ஆஃப்டர்(1000, புதுப்பி) என்றால் ஆயிரம் மில்லிநொடி கழித்து புதுப்பியைக் கூப்பிடு என்று பொருள். புதுப்பி தன் வேலையை முடித்துவிட்டுக் கடைசி வரியில் மறுபடி ஆஃப்டர் சொல்லிவிட்டுத் திரும்பும். நடுவில் உள்ள ஒரு நொடியும் கல்லாவில் ஆள் இருக்கிறார். இங்கேயும் புதுப்பிக்குப் பின்னால் அடைப்புக்குறி போடக் கூடாது. போட்டால் காத்திருக்காமல் உடனே ஓடும், தன்னைத் தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ரிகர்ஷன் எர்ரரில் முடியும்.

உண்மையிலேயே நீண்ட வேலை, உதாரணத்துக்கு ஆயிரக்கணக்கான பழைய பில்களைப் படிப்பது என்றால், அதைத் தனி த்ரெட்டில், அதாவது பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு ஆளிடம், விடுங்கள். ஆனால் அந்த த்ரெட் லேபிளையோ பெட்டியையோ நேராகத் தொடக் கூடாது. தொட்டால் பல நேரம் ஓடும், ஒரு நாள் காரணமே தெரியாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட பிழைதான் பிடிக்கக் கடினம். த்ரெட் தன் விடையை ஒரு கியூவில் (வரிசையில்) போடட்டும். முதன்மைச் சாளரம் ஆஃப்டர் வழியாக 100 மில்லிநொடிக்கு ஒரு தடவை கியூவை எட்டிப் பார்த்து, இருந்தால் எடுத்துத் திரையில் காட்டட்டும்.

படம் வரவேண்டிய இடம் காலி

ஃபங்ஷனுக்குள் படத்தை இறக்கி லேபிளில் வைத்திருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் படத்தை யாரும் வைத்திருக்கவில்லை என்று பைத்தான் அதைத் துடைத்துவிடுகிறது. லேபிள்.படம் = படம் என்று ஒரு வரி சேர்த்து லேபிளிடமே பிடித்துவைக்கக் கொடுங்கள். ஜேபிஜி படம் என்றால் பில்லோ என்ற நூலகம் தேவை. பிஎன்ஜி, ஜிஃப் இரண்டையும் டிகே 8.6 தானாகவே படிக்கும்.

இரண்டாவது சாளரத்தின் பெட்டி எப்போதும் காலியாக வருகிறது

டிகே() என்பதை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். அது ஒரு கடைக்குள் அறை கட்டுவதில்லை, தனியாக இன்னொரு கடையே திறக்கிறது. பெட்டியில் தட்டியதைப் பிடித்துவைக்கும் ஸ்ட்ரிங்வார் முதல் கடையைச் சேர்ந்தது, பெட்டி இரண்டாம் கடையைச் சேர்ந்தது, ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டாவது முதலான சாளரங்களுக்கு டாப்லெவல் பயன்படுத்துங்கள்.

தமிழ் போட்டால் கெடுகிறது

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு வராத சிக்கல் இது, அதனால் பொதுவான வழிகாட்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

கோப்பில் தமிழைச் சேமிக்கும்போது சார்மேப் என்று தொடங்கும் பிழை வந்தால், கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை, குறிப்பிடவில்லை என்று பொருள். விண்டோஸில் பைத்தான் தானாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியல். அதில் தமிழ் இல்லை. ஓப்பன் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். எழுதும்போது மட்டுமல்ல, படிக்கும்போதும்.

படிக்கும்போது விட்டுவிட்டால் வரும் செய்தியில் ஒரு பைட்டின் எண் இருக்கும். பெரும்பாலும் 8டி, சில நேரம் 81. அந்த எண்கள் சும்மா வருவதில்லை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்றாவது பைட் 8டி. உகரக் குறிக்கு 81. இரண்டுமே 1252 பட்டியலில் காலியிடங்கள். மிளகு என்று ஒரு சொல் இருந்தால் போதும், உகரத்தில் தடுக்கி விழும். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வரி எங்கே கிடைக்கும்? கடலை என்ற ஒற்றைச் சொல்லைப் போலத் தப்பிப்பவை சொற்பம், அவையும் உருத்தெரியாமல்தான் வரும்.

எக்ஸெல் இப்படி நின்றுவிடாது, தவறாகப் படித்ததை அப்படியே காட்டும். தலையில் கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர் என்று வரிசையாக வந்தால் உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது, எக்ஸெல்தான் 1252 என்று நினைத்துப் படிக்கிறது. சிஎஸ்வி கோப்பை எழுதும்போது யுடிஎஃப்-8-சிக் என்ற என்கோடிங் கொடுத்தால், கோப்பின் தலையில் ஓர் அடையாளம் விழும், எக்ஸெல் புரிந்துகொள்ளும். ஆனால் அந்த ஏ, ஆர் வரிசை இல்லாமல் கலவையான குறிகள் வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி போன்ற குறியீட்டில் தட்டிய பழைய கோப்பாக இருக்கலாம். அக்காவின் அப்பா காலத்து விலைப்பட்டியல் அப்படித்தான் இருந்தது. அதற்கு முதலில் குறியீடு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடாக்க வேண்டும்.

பில்லில் பெயர்களுக்குப் பின் விலை நேர்க்கோட்டில் நிற்கவில்லை என்றால், பைத்தான் எண்ணும் நீளமும் நாம் எண்ணும் நீளமும் வேறு என்பதே காரணம். கொத்தமல்லிக்கு நமக்கு ஆறு எழுத்து: கொ, த், த, ம, ல், லி. பைத்தானுக்குப் பத்து, ஏனென்றால் ஒகரக் குறி, இரண்டு புள்ளி, இகரக் குறி எல்லாம் தனித்தனி. இடைவெளி நிரப்பி வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, டிகேஇன்டரோடு வரும் டிடிகேயில் உள்ள ட்ரீவியூ கொண்டு நெடுவரிசைகளாகப் பிரித்துக் காட்டுங்கள்.

தேடினால் மட்டும் கொத்தமல்லி கிடைக்கவில்லையா? கொ என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ உடன் வருகிறது, அதைக் கேளுங்கள். பழைய லதா எழுத்துரு விண்டோஸ் 10இல் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. இல்லாத எழுத்துருவைக் கேட்டால் டிகே பிழை சொல்லாமல் வேறொன்றைப் போட்டுவிடும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என் இருக்கும். அதை வடிவமைத்தவர் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நம் கோலாலம்பூர் முத்து நெடுமாறன். எம்என் என்ற அந்த இரண்டெழுத்து அவர் பெயரின் முதலெழுத்துகள். வகுப்பில் மேக் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தவறுவதில்லை. லினக்ஸில் டிகே 8.6 தமிழ்க் குறிகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அங்கே உங்கள் நிரலில் தேடிப் பயனில்லை. தமிழ் முக்கியம் என்றால் பைசைட் நூலகம் கொண்டு க்யூட்டி என்ற வேறொரு சாளரக் கருவியில் எழுதுங்கள்.

என் கணினியில் ஓடியது, கடையில் ஓடவில்லை

கோப்பைக் காணோம் என்ற செய்தி வந்தால் வழியைப் பாருங்கள். வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால் பைத்தான் தேடுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில் அல்ல, எங்கிருந்து ஓட்டினீர்களோ அந்த ஃபோல்டரில். எடிட்டரில் ஒன்று, குறுக்குவழிச் சின்னத்தில் வேறொன்று. பாத்லிப் என்ற தொகுதி கொண்டு, நிரல் கோப்பின் சொந்த இடத்தைக் கேட்டு, அங்கிருந்து வழியைக் கட்டுங்கள்.

பைஇன்ஸ்டாலர் என்ற கருவி வைத்து, பைத்தான் இல்லாத கணினியிலும் ஓடும் ஒரே இஎக்ஸ்இ கோப்பாக்கியவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று காத்திருக்கிறது. அக்காவின் செயலி கீழே கல்லாவில் முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாள் காலை திறந்தால் முந்தைய நாள் பில் ஒன்றும் இல்லை. காகிதத்திலும் எழுதிவைத்திருந்ததால் தப்பித்தோம். ஒற்றை இஎக்ஸ்இ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் விரித்துக்கொண்டு, மூடும்போது அந்த ஃபோல்டரையே அழித்துவிடும். மேலே சொன்ன முறையில் ‘நிரல் இருக்கும் இடத்தில்’ சேமித்தால் தரவும் அதோடு போய்விடும். ஐகான், படம் போன்று செயலியோடு வருபவற்றை அங்கே தேடலாம். பயனர் சேமிக்கும் எதையும் அவருடைய டாக்குமென்ட்ஸ் போன்ற நிலையான இடத்தில் தனி ஃபோல்டர் போட்டு வையுங்கள். இதை நான் முன்கூட்டியே அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீல நிறத்தில் விண்டோஸ் தடுத்தால், அது உங்கள் செயலியைத் தெரியாது என்கிறது, அவ்வளவுதான். மேலும் தகவல் என்பதை அழுத்தினால் ஓட்ட வழி வரும். வைரஸ் தடுப்பான் கோப்பையே தூக்கிவிட்டால், ஒற்றைக் கோப்பை விட்டு ஃபோல்டர் வகையில் கட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அது விட்டுவிடும். மேக்கில் கட்டினால் விண்டோஸ் கோப்பு கிடைக்காது. எதில் ஓட வேண்டுமோ அதிலேயே கட்ட வேண்டும்.

கடைசியாக, கல்லாவில் இருப்பது விண்டோஸ் 7 என்றால் பைத்தான் 3.9 முதல் எதில் கட்டினாலும் திறக்காது. 3.8தான் அங்கே ஓடும் கடைசிப் பதிப்பு. அவசரத்துக்கு அதில் கட்டிக்கொடுக்கலாம், ஆனால் விண்டோஸ் 7, பைத்தான் 3.8 இரண்டுமே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனவை, அதனால் அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காதீர்கள். அக்கா கணினியையே மாற்றிவிட்டார். பில்கள் இப்போது டாக்குமென்ட்ஸில் சேர்கின்றன, வாரம் ஒரு முறை பென்டிரைவுக்கும் போகின்றன.